ரெண்டு பீரோவும் ஒன்னேகால் ரூபாயும்

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி கம்மியா இருக்கிற நாளா பார்த்து, ஒரு டீயோட உக்காருங்க.

எங்க அம்மிச்சியோட ஊர் தண்ணிக்குள்ள இருக்கு. ஏதோ கவிதைக்காக சொல்றேன்னு நினைக்காதீங்க. நெசமாவே பவானிசாகர் டேம் தண்ணிக்குள்ளதான் இருக்கு. பவானியும் மாயாறும் சேர்ற இடத்துல 1948ல் வேலை ஆரம்பிச்சு 1955ல் முடிச்ச அணை. 105 அடி, 32.8 டிஎம்சி, 200 கிலோமீட்டர் வாய்க்கால், ரெண்டு லட்சம் ஏக்கருக்கு மேல பாசனம். இந்தக் கணக்கெல்லாம் எங்க பக்கம் சின்னப் பசங்களுக்குக் கூடத் தெரியும். எங்க அப்பா வீட்டுக் காடும் கீழ்பவானி வாய்க்கால் பாசனம்தான். அதாவது, அம்மா வழி ஊரை முழுகடிச்ச தண்ணியிலதான் அப்பா வழி வீட்டுல மஞ்சளும் நெல்லும் விளைஞ்சுது. என்னைப் படிக்க வச்ச காசும் அதுதான். அதனால நான் டேமைத் திட்டி எழுதப் போறேன்னு யாரும் பயப்பட வேண்டாம் :-)

முழுகின ஊர்கள்ல எல்லாருக்கும் தெரிஞ்சது டணாயக்கன்கோட்டை. கோடையில தண்ணி ரொம்ப இறங்கினா கோயில் மண்டபம் வெளிய தெரியும், பேப்பர்ல போட்டோ வரும், பரிசல்ல போய்ப் பார்த்துட்டு வருவாங்க. அம்மிச்சி ஊர் அது இல்ல. அதுக்குப் பக்கத்துல ஒரு சின்னக் குக்கிராமம். அங்க கல் கட்டடம் எதுவும் இல்ல, அதனால தண்ணி வத்தினாலும் தெரியறதுக்கு ஒண்ணும் இல்ல.

போன பொங்கலுக்கு வீட்டுல பேச்சு வந்துச்சு. மாமா சும்மா இருக்காம, "அது தனி ஊரே கெடையாதுங்க, கோட்டையோட சேர்ந்த ஒரு தெரு"ன்னு சொல்லிட்டாரு. அம்மிச்சிக்கு எண்பது வயசு தாண்டியாச்சு. ஒண்ணும் பேசல. சாப்பிடாம எந்திரிச்சுப் போயிட்டாங்க. ராத்திரி என்கிட்ட மட்டும், "ஏஞ்சாமி, ஊரு இல்லீன்னா நா எங்க பொறந்தன்?"னு கேட்டாங்க.

நான் பெரிய இவனாட்டம், "நான் கண்டுபிடிச்சுத் தர்றேன் அம்மிச்சி, கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்கும்"னு சொல்லிட்டேன். சொந்தச் செலவில் சூனியம்.

கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்ல மக்களே. கூகுள்ல அந்தப் பேர்ல வேற மாவட்டத்துல ஒரு கல்யாண மண்டபம் வந்துச்சு. எல்லாம் தெரிஞ்ச அரட்டை மென்பொருள் ஒண்ணுகிட்ட கேட்டேன். அது துளிகூடத் தயங்காம, அந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் இருக்குன்னு மூணு பத்தி எழுதிக் குடுத்துச்சு. பொட்டி தட்டிச் சம்பாதிக்கிற எனக்கே கொஞ்சம் அசிங்கமா போச்சு.

அப்புறம்தான் ஒரு நண்பர் சொல்லி, கொங்குப் பக்கம் இருக்கிற ஒரு பெரிய நூலகத்துக்குப் போனேன். குறிப்புதவிப் பிரிவுல ஒரு மூலையில ரெண்டு இரும்பு பீரோ. மேல வெள்ளை பெயிண்டுல "வட்டார வரலாறு"ன்னு எழுதியிருக்கு. அடுத்த ஏழு சனிக்கிழமை அங்கதான் கழிஞ்சுது. அங்க கத்துக்கிட்டதை வச்சு ஒரு கருத்து சொல்லணும்னுதான் இந்தப் பதிவு. கருத்து ரொம்ப சிம்பிள்: ஸ்கேன் பண்றதெல்லாம் அப்புறம். முதல்ல பட்டியல் போடுங்க.

எப்படி இந்த முடிவுக்கு வந்தேன்னு சொல்றேன்.

முதல் பீரோ

முதல் நாள் நூலகர் அக்காகிட்ட பீத்திக்கிட்டேன். "அக்கா, இது மொத்தத்தையும் ஸ்கேன் பண்ணி ஓசிஆர் விட்டா போதும், சர்ச் பாக்ஸ்ல தட்டினா எல்லாம் வந்து விழும். ரெண்டு வீக்கெண்ட் வேலை." அக்கா சிரிச்சுக்கிட்டே, "பண்ணலாம் தம்பி. அதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குதுன்னு ஒருக்கா பார்த்துடுங்க"ன்னு சாவியைக் குடுத்தாங்க.

முதல் பீரோல இருந்தது எல்லாம் தடிப் புத்தகங்கள். நிக்கல்சன் எழுதி 1887ல் வந்த கோயம்புத்தூர் மாவட்ட மேனுவல். பி.எஸ். பாலிகா தயாரிச்சு 1966ல் வந்த கெசட்டியர். 1800ல் மைசூர்ல இருந்து இந்தப் பக்கம் இறங்கி வந்த பிரான்சிஸ் புக்கானனோட பயண நூல், 1807ல் மூணு தொகுதியா வந்தது, அதோட மறுபதிப்பு. கல்வெட்டு ஆண்டறிக்கைகள். சென்சஸ் கையேடுகள். அரசிதழ் பைண்டுகள், நடுநடுவுல சில வருஷம் இல்லாம.

முதல் ரெண்டு சனிக்கிழமையும் பல்பு. மூணு இடத்துல மாட்டினேன். நீங்களும் உங்க ஊரைத் தேடினா கண்டிப்பா இதே இடத்துலதான் மாட்டுவீங்க, அதனால விவரமாவே சொல்றேன்.

ஒண்ணு, எழுத்துக்கூட்டல். டணாயக்கன்கோட்டைன்னு நாம சொல்றதை தண்டநாயக்கன்கோட்டை, டன்னாயகன்கோட்டை, டெனாய்கன்கோட்டான்னு ஆளாளுக்கு ஒரு விதமா எழுதி வச்சிருக்காங்க. புக்கானன் காதுல கன்னடக்காரங்க சொன்னது எப்படி விழுந்துச்சோ அப்படியே எழுதியிருக்கார். அகர வரிசை அட்டவணையில ஒரே ஊர் மூணு எழுத்துல வரும். 'ட'வுல பார்த்துட்டு இல்லைன்னு மூடி வச்சா போச்சு. வாயால சத்தமா சொல்லிப் பார்த்து, ஒரு வெள்ளைக்காரன் இதை எப்படியெல்லாம் எழுதியிருப்பான்னு பத்து விதமா யோசிக்கணும்.

ரெண்டு, மாவட்டம். பவானிசாகர் இப்ப ஈரோடு மாவட்டம். ஆனா 1979ல் பெரியார் மாவட்டம் பிரியற வரைக்கும் அது கோயம்புத்தூர். அதனால ஈரோடுன்னு எழுதியிருக்கிற தட்டுல பழைய விஷயம் எதுவும் கிடைக்காது. இதே மாதிரி கரூர் 1910 வரைக்கும் கோயம்புத்தூரோட இருந்துச்சு, அப்புறம் திருச்சிக்குப் போச்சு. கொள்ளேகால் 1956ல் மைசூர் மாநிலத்துக்குப் போச்சு. உங்க ஊர் எந்த வருஷம் எந்த மாவட்டத்துல, எந்தத் தாலுகாவுல இருந்துச்சுன்னு முதல்ல ஒரு தாள்ல எழுதிக்கிட்டு அப்புறம் தேடுங்க.

இதுல எனக்குக் கிடைச்ச பெரிய ஆச்சரியம் என்னன்னா, டணாயக்கன்கோட்டையைப் பத்தி நல்ல தகவல் நீலகிரி புத்தகங்கள்ல இருந்துச்சு. கிரிக் 1880ல் கொண்டுவந்த மேனுவல், பிரான்சிஸ் 1908ல் கொண்டுவந்த கெசட்டியர். ஏன்னா ஊட்டின்னு ஒரு ஊர் உருவாகறதுக்கு முன்னாடி மலையேற இதுதான் ஒரு வாசல். புக்கானன் 1800ல் இங்கிருந்துதான் மலைச்சரிவுல ஏறிப் பார்த்தார். 1818ல் கோவை கலெக்டரோட உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லின்னு ரெண்டு பேர் இந்த வழியாத்தான் மேல போனாங்க. அதுக்கு அடுத்த வருஷம்தான் கலெக்டர் சல்லிவன் போனார். கோட்டைக்குப் பேர் குடுத்தது போசளர் காலத்து தண்டநாயகர்கள். பெருமாள் தண்டநாயகர், அவர் மகன் மாதவ தண்டநாயகர். அவங்க பட்டப் பேர்லயே நீலகிரி இருக்கு. ஆக, கோட்டை இருந்தது சமவெளியில, அதோட வரலாறு இருக்கிறது மலை மாவட்டத்துப் புத்தகத்துல. எந்த சர்ச் பாக்ஸும் இதை எனக்குச் சொல்லியிருக்காது. அக்காதான், "நீலகிரி தட்டையும் ஒருக்கா பாருங்க தம்பி"ன்னாங்க.

மூணு, எது ஊர்ங்கிற கேள்வி. 1951 சென்சஸ் கையேட்டுல கிராமப் பட்டியல் இருக்கு. டேம் கட்டி முடிக்கறதுக்கு முந்தின கணக்கு, கண்டிப்பா இருக்கும்னு ஆசையா விரலை வச்சுத் தேடினேன். இல்ல. ஏன்னா அந்தப் பட்டியல்ல இருக்கிறது வருவாய்க் கிராமம். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள்ள அஞ்சாறு குக்கிராமம் இருக்கும், அது எல்லாத்தையும் கூட்டி ஒரே எண்ணா போட்டிருப்பாங்க. அப்ப மாமா சொன்னதுதான் சரியா? அன்னைக்கு பஸ்ஸுல வீட்டுக்கு வரும்போது மனசே சரியில்ல.

அரசிதழ்ல இருந்தவங்க, இல்லாதவங்க

நாலாவது சனிக்கிழமை அரசிதழ் பைண்டை எடுத்தேன். அப்ப அதுக்குப் பேர் செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெசட். டேமுக்காக நிலம் எடுத்தப்ப, 1894 நில எடுப்புச் சட்டப்படி அறிவிப்பு வந்திருக்கணுமே. வந்திருக்கு. பக்கம் பக்கமா வந்திருக்கு. சர்வே நம்பர், ஏக்கர் சென்ட், புஞ்சையா நஞ்சையா, யார் பேர்ல இருக்கு. பொடி எழுத்து. கண்ணு பூத்துப் போச்சு.

அம்மிச்சியோட அய்யன் பேரைத் தேடினேன். கிடைக்கல. சாயங்காலம் போன் பண்ணிக் கேட்டா அம்மிச்சி சாதாரணமா சொல்றாங்க: "நமக்கேது சாமி பட்டா. எங்கய்யன் பண்ணையத்துல இருந்தாரு. பட்டா இருந்தவிய பணம் வாங்குனாங்க. நாங்க சட்டி பானையத் தூக்கிட்டு வந்தோம்."

இந்த விஷயம் அதுவரைக்கும் எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. அம்மா உட்பட.

அப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. முதல் பீரோல இருக்கிற எல்லாப் புத்தகமும் வரி வாங்கறதுக்காகவும், நிலத்தை அளக்கறதுக்காகவும், தலையை எண்றதுக்காகவும் எழுதினது. நிலம் இருந்தா அதுல நீங்க இருப்பீங்க. இல்லைன்னா மொத்த மக்கள்தொகையில ஒரு எண்ணா இருப்பீங்க. அதைக் குத்தம் சொல்லல, அந்தப் புத்தகங்களோட வேலை அது. ஆனா உள்ளூர் வரலாறுன்னா அது மட்டும்தான்னு நினைச்சா, எங்க அம்மிச்சிக்கு வரலாறே கிடையாதுன்னு ஆயிடும்.

ரெண்டாவது பீரோ

அதைத் திறக்கவே எனக்குத் தோணல. வெளிய இருந்து பார்த்தா பழைய பேப்பர் கடை மாதிரி இருந்துச்சு. நாடா கட்டின அட்டை ஃபைல்கள். உள்ள எல்லாம் பத்துப் பக்கம், இருபது பக்கம் நோட்டீஸ்கள். கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட வெள்ளிவிழா மலர், கூட்டுறவு சங்க ஆண்டறிக்கை, மாட்டுச் சந்தை நோட்டீஸ், தேர்தல் துண்டறிக்கை, பதினாறாம் நாள் காரியத்துக்கு அடிச்ச நினைவு மலர்.

இதுல எப்படித் தேடறதுன்னு முழிச்சப்ப அக்கா ஒரு நீளமான லெட்ஜர் நோட்டைக் குடுத்தாங்க. எட்டு வருஷமா அவங்க கையால எழுதினது. நாலே நாலு கட்டம்: வரிசை எண், என்ன தாள், வருஷம், அதுல வர்ற ஊர்கள். ஆசிரியர் பேர் கிடையாது, ஏன்னா இந்த மாதிரி தாளுக்கு ஆசிரியரே கிடையாது. கடைசிக் கட்டம்தான் உயிர். ஒவ்வொரு நோட்டீஸையும் முழுசா படிச்சு, உள்ள எந்தெந்த ஊர் பேர் வருதோ அதையெல்லாம் எழுதியிருக்காங்க. பின்னட்டை விளம்பரத்துல வர்ற ஊர் முதற்கொண்டு.

பதினோராவது பக்கத்துல அம்மிச்சி ஊர் பேர் இருந்துச்சு.

கைகால் ஓடல. சொல்லப்பட்ட ஃபைலை எடுத்தா, 1956ல் அச்சடிச்ச பன்னெண்டு பக்க வரவு செலவு அறிக்கை. முழுகின ஊர் சாமியைப் புது இடத்துக்குக் கொண்டு வந்து கோயில் கட்டினதுக்கான கணக்கு. செங்கல் இவ்வளவு, சுண்ணாம்பு இவ்வளவு, கொத்தனார் கூலி இவ்வளவு. கடைசி நாலு பக்கம் நன்கொடை குடுத்தவங்க பட்டியல், ஊர் வாரியா. அம்மிச்சி ஊர் தனித் தலைப்பு. அதுக்குக் கீழ இருபத்தி மூணு பேர். பதினேழாவது ஆள் எங்க கொள்ளுத் தாத்தா. ரூ. 1-4-0.

ஒன்னேகால் ரூபாய். அரசாங்கத்துக்குத் தெரியாத ஆள், கோயில் கணக்குப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கார். மத்தவங்க கோட்டைக் கணக்குல சேர்ந்த தெருன்னு நினைச்ச இடத்தை, அங்கிருந்து கிளம்பி வந்தவங்க ஒரு ஊர்னு தனித் தலைப்பு போட்டு எழுதியிருக்காங்க.

வெளிய போய் வராண்டாவுல நின்னு அம்மிச்சிக்குப் போன் போட்டேன். படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. சரி, அழுகறாங்க போலன்னு நினைச்சேன். அப்புறம் கேட்டாங்க பாருங்க:

"ஒன்னேகாலா? எங்கய்யன் ரெண்டு ரூவா குடுத்தாரு சாமி. கோழி வித்த காசு. எனக்கு நல்லா நெனப்பிருக்குது. மிச்சம் பன்னெண்டணாவ எவன் தின்னான்னு அதுல போட்டிருக்குதா?"

அவ்வ்வ்வ்வ்... :-)

சிரிச்சுட்டு அப்புறம் யோசிச்சா, இதுவும் ஒரு பாடம்தான். அச்சுல இருக்குன்னு சத்தியம் பண்ண முடியாது. கணக்கு எழுதினவர் தப்பு பண்ணியிருக்கலாம், அம்மிச்சி நினைவும் தப்பா இருக்கலாம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வைக்கத்தான் முடியும். நான் எழுதி வச்சிருக்கேன்.

சரி, கருத்துக்கு வர்றேன்

முதல் பீரோல இருக்கிற புத்தகங்கள் எங்கயும் போகாது. பழைய மேனுவல், கெசட்டியர் எல்லாம் பல நூலகங்கள்ல இருக்கு, மறுபதிப்பும் இருக்கு, பலதும் ஸ்கேனாகி நெட்டுலயே கிடைக்குது. நான் ஏழு வாரம் அலைஞ்சு தேடினது ரெண்டாவது பீரோல இருந்துச்சு. அந்தப் பன்னெண்டு பக்கத்துக்கு இன்னொரு பிரதி உலகத்துல எங்கயாவது இருக்கான்னு எனக்குச் சந்தேகம்தான். ஆனா நடைமுறையில நாம என்ன பண்றோம்? தடிப் புத்தகத்துக்குக் கண்ணாடிக் கதவு போடறோம், நோட்டீஸை எடைக்குப் போடறோம்.

இது சும்மா பேச்சுக்குச் சொல்லல. இன்னொரு நூலகத்துல (பேர் வேண்டாம்) இதே மாதிரி மலர்கள் இருக்கான்னு கேட்டேன். "இருந்துச்சுங்க, ரெண்டு மூட்டை. அதுக்கு எண்ணே கிடையாது, பதிவேட்டுல ஏறல. வெள்ளையடிக்கும்போது போட்டாச்சு"ன்னாங்க. அங்க இருந்தவர் மேல தப்பு சொல்ல முடியாது. பதிவேட்டுல இல்லாத பொருளை வச்சிருந்தாலும் கேள்வி, தூக்கிப் போட்டா கேள்வியே இல்ல. பட்டியல்ல ஏறாத தாள் எந்த நாளும் குப்பைதான்.

இங்க சில பேர் கேப்பீங்க: "அதான் சொல்றோம், எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டா தொலையாதே?" நியாயமான கேள்வி. நானே அந்தக் கட்சியாத்தான் உள்ள போனேன். 1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிஞ்சப்ப சுமார் 97,000 நூல்கள் போச்சு. ஒத்தைப் பிரதி வச்சிருக்கிறது எவ்வளவு ஆபத்துன்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஈழத்து நூலகம் திட்டம் 2005ல் இருந்து நினைவு மலர், பள்ளி மலர் வரைக்கும் மின்னாக்கம் பண்ணிட்டு வருது. கையெடுத்துக் கும்பிட வேண்டிய வேலை.

ஆனா ஒரு பொட்டி தட்டறவனா சொல்றேன். ஸ்கேன் பண்ணதும் உங்களுக்குக் கிடைக்கிறது ஆயிரம் படம், படம்_0001ல் இருந்து படம்_1000 வரைக்கும். 1950கள்ல சின்ன அச்சகத்துல தேஞ்ச எழுத்துல அடிச்ச தமிழை ஓசிஆர் எப்படிப் படிக்கும்னு நானே அந்தக் கணக்கு அறிக்கையோட நாலு பக்கத்துல சோதிச்சுப் பார்த்தேன். சுண்ணாம்பைக் கண்டுபிடிச்சுது. ஊர் பேர், ஆள் பேர் எல்லாம் கோவிந்தா. அதாவது எது முக்கியமோ அது மட்டும் காணோம். அக்கா கையால எழுதின நாலு கட்டம் அதைவிட நல்ல தேடுபொறி. டேட்டா இருந்து இன்டெக்ஸ் இல்லைன்னா என்ன ஆகும்னு எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். அதையே நூலகத்துக்குச் சொன்னா மட்டும் மறந்துடறோம்.

இன்னொரு விஷயம். ஸ்கேனுக்குக் காசு வேணும், மெஷின் வேணும், டெண்டர் வேணும், அனுமதி வேணும். அதெல்லாம் வர்றதுக்குள்ள வெள்ளையடிக்கிற நாள் வந்துடும். பட்டியலுக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். பட்டியல் இருந்தா எதை முதல்ல ஸ்கேன் பண்றதுன்னு தெரியும். நாளைக்கே ஏதாவது தொலைஞ்சாலும் என்ன தொலைஞ்சுதுன்னாவது தெரியும். இப்ப அதுவும் தெரியாது.

தனி ஆளா இதைச் செஞ்ச ஒருத்தர் இருக்கார். கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை வரையற தொழில் பண்ணிக்கிட்டே புத்தகத்தோட நாடக நோட்டீஸ், அழைப்பிதழ்னு சேர்த்தவர். 1992ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994ல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமா ஆச்சு. நல்ல விஷயம். ஆனா ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு முத்தையா பொறக்கணும்னு காத்துக்கிட்டிருக்க முடியாது. அதுக்குத்தான் பொது நூலகம்னு ஒண்ணு இருக்கு. சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931லயே எழுதின அஞ்சு விதியில ஒண்ணு, எந்த நூலுக்கும் அதைத் தேடற வாசகன் ஒருத்தன் இருப்பான்ங்கிற அர்த்தத்துல வரும். பன்னெண்டு பக்கக் கணக்கு அறிக்கைக்கு நான் இருந்தேன். அறுபத்தஞ்சு வருஷத்துக்கு மேல காத்திருந்துச்சு, அவ்வளவுதான்.

அவர் முயற்சியில 1948ல் வந்த நூலகச் சட்டத்தாலதான் நாம இன்னைக்கும் நூலக வரி கட்டறோம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க, சொத்து வரி மேல பத்து சதவீதம். அதனால நான் கேக்கறது தானம் எதுவும் இல்லீங்க. மூணே மூணு கோரிக்கை:

1. ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்துலயும் வட்டார வரலாறுக்குன்னு ஒரு பீரோ. ஒண்ணு போதும். பூட்டு இருக்கட்டும், சாவி கேட்டா குடுக்கட்டும்.

2. அதுல வர்ற ஒவ்வொரு தாளுக்கும் ஒரு எண், ஊர் பேரோட ஒரு வரி. நோட்டுல எழுதினாலும் சரி. அந்த நோட்டை வருஷத்துக்கு ஒரு தரம் எக்ஸெல்ல ஏத்தி எல்லாரும் பார்க்கிற மாதிரி போட்டுடலாம். அதுக்கு ஆள் வேணும்னா நான் வர்றேன், என்னை மாதிரி நூறு பேர் வருவாங்க.

3. இந்த வேலையை நூலகரோட வேலையா எழுத்துல சேருங்க. எங்க அக்கா எட்டு வருஷம் செஞ்சது அவங்களோட சொந்த ஆர்வத்துல. அவங்க மாறுதலாகிப் போனா பன்னெண்டாவது பக்கம் யார் எழுதுவா?

நம்ம பக்கமும் வேலை இருக்கு. இனி வீடு காலி பண்ணும்போது பழைய மலர், அழைப்பிதழ், சங்க அறிக்கை எதையும் எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாருங்க. பின்னாடி ஒரு பென்சில்ல வருஷம், ஊர் எழுதி நூலகத்துல குடுங்க. வாங்கிக்க மாட்டேன்னு சொன்னா, ஏன்னு கேளுங்க.

தேடப் போறவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. "எங்க ஊர் வரலாறு இருக்கா"ன்னு கேட்டா இல்லைன்னுதான் பதில் வரும். "இந்தத் தாலுகா சம்பந்தமா என்னென்ன தாள் இருக்கு"ன்னு கேளுங்க. அனுமதி வாங்கிப் போட்டோ எடுங்க, முதல் போட்டோ தலைப்புப் பக்கம், ரெண்டாவது ஃபைல் எண். இதை விட்டதுக்கு நான் ஒரு சனிக்கிழமையைப் பறிகொடுத்தேன். எதுல தேடி எது கிடைக்கலைன்னும் எழுதி வைங்க, இல்லைன்னா ஒரே புத்தகத்தை மூணு தரம் புரட்டுவீங்க. முக்கியமா, உங்க வீட்டுப் பெரியவங்க நம்பரைப் பக்கத்துலயே வச்சிருங்க.

அம்மிச்சி ஊர் பேரை ஏன் எழுதலன்னு கேப்பீங்க. இப்போதைக்கு என்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு அச்சுத் தாள், ஒரே ஒரு அம்மிச்சி. இங்க எழுதினா நாளைக்கு யாராவது இந்தப் பதிவையே ஆதாரமா காட்டுவாங்க, அப்புறம் அந்த அரட்டை மென்பொருளும் அதையே ஒப்பிக்கும். இன்னொரு தாள் கிடைக்கட்டும், எழுதறேன். பழைய ஒரு அங்குல சர்வே வரைபடம் எங்க இருக்குன்னு தேடிக்கிட்டிருக்கேன்.

போன வாரம் அந்த நாலு பக்கத்தை பிரிண்ட் எடுத்து அம்மிச்சிகிட்ட குடுத்தேன். எழுத்து கூட்டித்தான் படிப்பாங்க. இருபத்தி மூணு பேரையும் படிச்சு, ஒவ்வொருத்தருக்கும் யார் வீடு எந்தப் பக்கம், யாருக்கு எத்தனை ஆடுன்னு சொல்லச் சொல்ல நான் எழுதிக்கிட்டேன். அதை ஃபேர் காப்பி பண்ணி அக்காகிட்ட குடுத்தாச்சு. லெட்ஜர்ல எண் போட்டு, ஊர் கட்டத்துல பேர் எழுதினாங்க.

பிரிண்டை அம்மிச்சி சுருக்குப் பையில மடிச்சு வச்சிருக்காங்க. மாமா வரட்டும்னு காத்துக்கிட்டிருக்காங்க.